பொன்னியின் செல்வன் வழித்தடத்தை மேப்பில் போடுவது: காதம் எத்தனை கிலோமீட்டர், கடம்பூர் எது?

வெண்ணாறு:

பொன்னியின் செல்வன் முதல் இரண்டு பாகங்களில் வந்தியத்தேவன் போகிற வழியைக் கூகுள் மை மேப்ஸில் போட்டுக்கொண்டிருக்கிறேன். வீராணம், காட்டுமன்னார்கோயில், கடம்பூர், கொள்ளிடம், குடந்தை (கும்பகோணம்), திருப்புறம்பயம், தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, அப்புறம் இலங்கை. மேப் முடிந்ததும் டூ வீலரில் தஞ்சாவூர் வரைக்குமாவது போய்ப் பார்க்க எண்ணம். ஏற்கெனவே இணையத்தில் கிடைக்கிற மேப்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றில் கடம்பூர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது!

சிக்கிக்கொண்ட இடங்கள்:

நாவலில் தூரமெல்லாம் காதத்தில் வருகிறது. அதை எத்தனை கிலோமீட்டர் என்று வைப்பது? ஏழு மைல் என்கிறார்கள், பத்து மைல் என்கிறார்கள்.

இரண்டு ஊருக்கு நடுவே வழி கேட்டால் மேப் நேராக நேஷனல் ஹைவேயில் கொண்டுபோய் விடுகிறது. அதை எப்படித் தவிர்ப்பது?

ஊர்ப்பட்டியலை எக்ஸலில் தமிழில் அடித்து ஏற்றினால் பெயரெல்லாம் கேள்விக்குறியாக வருகிறது. சில பின்களை, அதாவது இடக்குறிகளை, மேப்பில் காணவே காணோம்.

முக்கியமாக, எந்த இடத்தை உறுதியாகக் குறிக்கலாம், எதை "இங்கே எங்கோ" என்று விடணும்?

அளவுச்சங்கிலி:

காதத்துக்கு வெளியில் போய் வாய்ப்பாடு தேட வேண்டாம். நாவலின் முதல் பக்கத்திலேயே அளவுகோல் இருக்கிறது. வீரநாராயண ஏரி, அதாவது இன்றைய வீராணம், தெற்கு வடக்காக ஒன்றரைக் காதம் நீளம், கிழக்கு மேற்காக அரைக் காதம் அகலம், தில்லைக்கு மேற்கே இரண்டு காதத் தொலைவு என்று கல்கி மூன்று அளவு தருகிறார். ஏரி இன்றைக்கும் அங்கேயேதான் கிடக்கிறது, அளந்து பார்த்துவிடலாம்.

கூகுள் எர்த் ப்ரோவைத் திறந்து ரூலரை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே லால்பேட்டைப் பக்கம் கரை தொடங்குகிற இடத்திலிருந்து வடக்கே சேத்தியாத்தோப்புப் பக்கம் முடிகிற வரை கிழக்குக் கரையை அளந்தால், நேர்கோட்டில் 14 கி.மீ.க்குக் கொஞ்சம் முன்பின், வளைந்து போகிற கரையோடு 16 கி.மீ. அளவு வரும். ஒன்றரையால் வகுத்தால் காதம் 9.3-லிருந்து 10.7 கி.மீ. சிதம்பரம் கோயிலிலிருந்து ஏரி நடுவுக்கு நேர்கோட்டில் சுமார் 19 கி.மீ.; இரண்டால் வகுத்தால் 9.5. அகலம் 4-5 கி.மீ., அதாவது அரைக் காதம். மூன்றும் ஒரே எண்ணைச் சுற்றித்தான் நிற்கின்றன. ஆக இந்த நாவலுக்கு மட்டும் காதம் = 10 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மைல் (11 கி.மீ.) என்பவர்கள் இதற்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். பத்து மைல் கணக்கு இங்கே ஒத்துவராது, அதன்படி போனால் ஏரி 24 கி.மீ. நீண்டு வெள்ளாற்றைத் தாண்டிவிடும்.

அளக்கும்போது ஒரு விஷயம்: தண்ணீர் விளிம்பை அளக்காதீர்கள், கரையை அளங்கள். வீராணத்தின் முழு மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1.465 டி.எம்.சி. மேற்குப் பக்கம் தரை சரிவு குறைவு. மட்டம் சில அடி இறங்கினாலே விளிம்பு நிறைய உள்வாங்கிவிடும். கோடையில் எடுத்த சாட்டிலைட் படத்தில் அகலத்தைப் பார்த்துவிட்டு "கல்கி மிகைப்படுத்திவிட்டார்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. கூகுள் எர்த் ப்ரோவில் கடிகாரக் குறியை அழுத்தி, வடகிழக்குப் பருவமழை முடிந்த மாதத்துப் படத்துக்கு நகர்த்தி வைத்துக்கொண்டு பாருங்கள்.

அடுத்து கடம்பூர். தமிழ்நாட்டில் கடம்பூர் பல. தேடினால் முதலில் வருவது தூத்துக்குடி மாவட்டத்து ரயில்வே ஸ்டேஷன் ஊர், அடுத்தது சத்தியமங்கலத்துக்கு மேலே இருக்கிற கடம்பூர் மலை. உங்களுக்கு வேண்டியது காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்திலிருக்கிற மேலக்கடம்பூர், கீழக்கடம்பூர். மேலக்கடம்பூரில் அமிர்தகடேசுவரர் கோயில் இருக்கிறது, தேர் வடிவில் கட்டிய கரக்கோயில். கோயில் பெயரைப் போட்டுத் தேடினால் சரியாக வந்து நிற்கும். ஆனால் அங்கே பின் குத்தி "சம்புவரையர் மாளிகை" என்று எழுதாதீர்கள். ஊர் நிஜம், மாளிகை கற்பனை. கல்வெட்டில் பேர் பெற்ற சம்புவராயர்கள் பின்னாளில் தொண்டை மண்டலத்தில், படைவீட்டை வைத்து ஆண்டவர்கள்.

உறுதி பற்றிக் கேட்டதற்கும் இதுதான் பதில். எக்ஸலில் "உறுதி" என்று ஒரு காலம் (நெடுவரிசை) சேர்த்து மூன்றே மதிப்பு வையுங்கள்: "அதே இடம்", "ஊர் மட்டும்", "கற்பனை". வீராணம், காட்டுமன்னார்கோயில் வீரநாராயணப் பெருமாள் கோயில் முதல் வகை. பழையாறை இரண்டாவது. கடம்பூர் மாளிகை மூன்றாவது. மை மேப்ஸில் லேயர் பெயருக்குக் கீழே இருக்கிற ஸ்டைலை அழுத்தி, "உறுதி" காலத்தை வைத்து நிறம் பிரிக்கச் சொன்னால் தானாகவே மூன்று நிறம் வந்துவிடும். ஒவ்வொரு பின்னாக நிறம் மாற்ற வேண்டியதில்லை.

இன்னொன்று, திருப்புறம்பயத்தை வந்தியத்தேவன் தடத்தில் சேர்த்திருக்கிறீர்கள். முதல் பாகத்தில் அங்கிருக்கிற பள்ளிப்படைக்கு (இறந்த அரசன் நினைவாக எழுப்பிய கோயில்) போவது ஆழ்வார்க்கடியான் என்கிற வேறொரு பாத்திரம். ஆளுக்கு ஒரு லேயர் போடுங்கள், இல்லாவிட்டால் கோடு தேவையில்லாமல் குடந்தைக்கு வடமேற்கே பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பும். வரைபடத்தைப் பார்த்துவிட்டு "ஏன் இப்படிச் சுற்றினான்" என்று ஆராய்ச்சி வேறு கிளம்பும்.

தீர்க்கரேகை:

பின் காணாமல் போவது, கேள்விக்குறி ரெண்டுக்கும் நான் சொல்றேன்.

கேள்விக்குறி: எக்ஸலில் சேவ் ஆஸ் போகும்போது வெறும் சி.எஸ்.வி.யைத் தேர்ந்தெடுத்திருப்பீங்க. அதே பட்டியலில் "சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8" என்று தனியாக ஒன்று இருக்கும், அதை எடுங்க. அந்த வரி இல்லாத பழைய எக்ஸல் என்றால் கூகுள் ஷீட்ஸில் ஏற்றி அங்கிருந்து சி.எஸ்.வி.யாக இறக்கிக்கலாம். இல்லன்னா சி.எஸ்.வி.யே வேண்டாம், எக்ஸல் ஃபைலை அப்படியே மை மேப்ஸ் வாங்கிக்கும். ஒரு முறை கேள்விக்குறியாகச் சேவ் ஆன ஃபைலிலிருந்து தமிழ் திரும்பி வராது, அதனால் மூல ஃபைலை அழிச்சிடாதீங்க.

காணாமல் போன பின்: மேப்பை நன்றாகப் பின்னுக்கு இழுத்து நார்வேக்கு வடக்கே பாருங்க, அங்கே இருக்கும். சிதம்பரம் 11.40 வடக்கு, 79.69 கிழக்கு. இது ரெண்டும் இடம் மாறிப் போனால் 79.69 வடக்கு, 11.40 கிழக்கு. அது ஸ்வால்பார்டு தீவு. சோழநாடு முழுக்க 79-ஐ ஒட்டியே இருப்பதால் மாறிப்போன எல்லா ஊரும் அங்கே வரிசையாகப் பனியில் நிற்கும். காரணம் என்னன்னா, கூகுள் மேப்பில் ரைட் கிளிக் பண்ணி நகலெடுத்தால் அட்சரேகை முதலில் வரும். மேப் புள்ளிகளைச் சேமிக்கிற கே.எம்.எல். ஃபைலுக்குள்ளே தீர்க்கரேகைதான் முதலில். ரெண்டிலிருந்தும் எடுத்து ஒரே பட்டியலில் ஒட்டினால் இதுதான் நடக்கும். ஏற்றுவதற்கு முன்னால் எக்ஸலில் அட்சரேகைக் காலத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிப் பாருங்க. தமிழ்நாடும் இலங்கையும் சேர்த்தே 5-க்கும் 14-க்கும் நடுவில்தான். 79 என்று ஒன்று மேலே வந்து நின்றால் பிடிச்சிடலாம்.

தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதையும் கவனிங்க. ரெண்டு இலக்கம் என்றால் சுமார் 1 கி.மீ. துல்லியம், நாலு இலக்கம் என்றால் 11 மீட்டர். பள்ளிப்படைக்கு ஆறு இலக்கம் போட்டால் செங்கல் வரைக்கும் தெரிஞ்ச மாதிரி ஆகிடும். "ஊர் மட்டும்" வகைக்கு ரெண்டு இலக்கத்தோடு நிறுத்திட்டு, ஒரு வட்டம் போடுங்க. மை மேப்ஸில் வட்டம் வரையும் கருவி கிடையாது. கூகுள் எர்த் ப்ரோ ரூலரில் "சர்க்கிள்" டேபில் வட்டம் போட்டு, சேவ் பண்ணி, கே.எம்.எல்.லாக எடுத்து ஏற்றணும். க்யூ.ஜி.ஐ.எஸ். என்கிற மேப் சாஃப்ட்வேர் தெரிஞ்சவங்க பஃபர் (புள்ளியைச் சுற்றி வட்டம்) போடலாம், ஆனால் அதற்கு முன் லேயரை மீட்டரில் கணக்கிடுற யு.டி.எம். 44 வடக்கு மண்டலத்துக்கு (இ.பி.எஸ்.ஜி. 32644) மாத்திடுங்க. மாத்தாமல் 1000 என்று அடிச்சால் அதை மீட்டராக எடுத்துக்காமல் 1000 டிகிரியாக எடுத்துக்கும், உலகமே மூடிக்கும். சோழநாடு, ஈழம் ரெண்டுமே 78-க்கும் 84-க்கும் நடுவில் விழுவதால் ஒரே மண்டலம் போதும்.

ஹைவே பிரச்சினை: டைரக்ஷன்ஸ் கருவியையே தொடாதீங்க. அது இன்றைய சாலையை மட்டும்தான் அறியும். தவிர ஒரு டைரக்ஷன்ஸ் லேயரில் 10 இடத்துக்கு மேல் சேர்க்கவும் முடியாது, ஒவ்வொன்றும் ஒரு முழு லேயரைத் தின்னும், மொத்தமே 10 லேயர்தான். அதற்குப் பதில் "கோடு வரைக" கருவியால் கையால் வரையுங்க. கோட்டை வெட்டு வெட்டாக, நாவலில் பெயர் வருகிற இடத்தில் மட்டும் முறித்துப் போடுங்க. நடுவில் அழகுக்காக வளைச்சால் அது நீங்க எழுதின நாவல் ஆகிடும்.

செல்போன்: மை மேப்ஸ் மேப்பைக் கூகுள் மேப்ஸ் ஆப்பில் பார்க்கலாம், ஆனால் நெட் வேண்டும். சிக்னல் இல்லாத இடத்துக்கு, கம்ப்யூட்டரில் மூன்று புள்ளியை அழுத்தி கே.எம்.எல். அல்லது கே.எம்.இசட். ஆக ஏற்றுமதி பண்ணி, ஆர்கானிக் மேப்ஸில் இறக்குமதி பண்ணுங்க. ஏற்றுமதிப் பெட்டியில் "நெட்வொர்க் லிங்க்" என்கிற தேர்வை எடுத்துடாதீங்க. எடுத்தால் ஃபைலுக்குள் இணைப்பு முகவரி மட்டும்தான் இருக்கும், பின் எதுவும் இருக்காது. வீட்டில் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், வயல்வெளிக்குப் போன பிறகுதான் காலி மேப் என்று தெரியவரும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு தடவை திறந்து பார்த்துட்டுக் கிளம்புங்க.

கீழணை:

மேலே ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க. ஆற்றைப் பற்றின விஷயம் மட்டும் விட்டுப்போச்சு, டெல்டாவில் அதுதான் பெரிய தொல்லை.

கொள்ளிடத்தைப் படகில் தாண்டுற இடத்தை அணைக்கரைப் பாலத்தில் கொண்டுபோய் வைக்காதீங்க. கடம்பூரிலிருந்து குடந்தைக்கு இன்றைக்கு ரோட்டில் போனால் அணைக்கரை வழிதான், அதனால் பார்க்கிறவங்க எல்லாருக்கும் அங்கேதான் கை போகும். அந்தக் கீழணை 1830-களில் ஆர்தர் காட்டன் காலத்தில் வந்தது. மேலே முக்கொம்பு மேலணையும் அதே காலம். இந்த ரெண்டும் வந்த பிறகு காவிரிக்கு எவ்வளவு, கொள்ளிடத்துக்கு எவ்வளவு என்கிற கணக்கே மாறிப்போச்சு. 1934-ல் மேட்டூர் வந்த பிறகு இன்னொரு முறை மாறிச்சு. இப்போ சாட்டிலைட் படத்தில் தெரியுற மணல்திட்டை வச்சு "இங்கே ஆழம் குறைவு, இங்கேதான் துறை இருந்திருக்கும்" என்று பேசுறதில் அர்த்தமில்லை. கடம்பூருக்குத் தெற்கே கொள்ளிடத்து மேல் ஒரு பத்து கிலோமீட்டருக்குப் பட்டையாக ஒரு நிறம் போட்டு "துறை இந்தப் பகுதியில்" என்று எழுதிடுங்க, போதும்.

வீராணத்துக்குத் தண்ணி வருகிற வடவாறும் இன்றைக்குக் கீழணையிலிருந்து பிரியுது. முதல் அத்தியாயத்து ஆடிப்பெருக்கில் ஏரி ததும்புதே, அந்தக் காட்சியை ஆகஸ்டில் எடுத்த இன்றைய படத்தோடு ஒப்பிடாதீங்க. அன்றைக்கு ஆற்றில் வெள்ளம் வந்தால் ஏரிக்கு வரும். இன்றைக்கு மேட்டூரைத் திறந்து, கீழணையில் தேக்கி, மதகைத் தூக்கினால்தான் வரும்.

பழைய வரைபடம் வேணும்னா சர்வே ஆஃப் இந்தியா 1:50,000 தாள் எடுங்க. ஓபன் சீரிஸ் என்று அவங்க தளத்தில் கணக்குத் தொடங்கிட்டு பி.டி.எஃப். இலவசமாக இறக்கலாம். பழைய எண் முறையில் வீராணம், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் எல்லாம் 58 எம்/11-ல் வரும். கும்பகோணம், பழையாறை 58 என்/5. ஓபன் சீரிஸில் எண் வேற மாதிரி, சி 44 என்று தொடங்கும், குழம்பிடாதீங்க. பழைய ஸ்கேன் தாளை க்யூ.ஜி.ஐ.எஸ்.ஸில் பொருத்துறப்போ கட்டுப்பாட்டுப் புள்ளியாக (தாளிலும் மேப்பிலும் ஒரே இடம் என்று குறிக்கிற புள்ளி) ஆற்று வளைவையோ ரோட்டு முக்கையோ எடுக்கவே கூடாது. ரெண்டும் நகரும். கோயில் கோபுரம், கல் கட்டின தெப்பக்குளத்து மூலை, ரயில்வே பாலம், இதெல்லாம் நகராது. கணக்குப்படி மூன்று புள்ளி போதும், ஆனால் ஆறு ஏழு கொடுத்து, தாளின் நாலு மூலைக்கும் பரப்பிக் கொடுங்க. எல்லாம் ஒரே பக்கமாகத் தள்ளித் தள்ளி விழுந்தால் டேட்டம், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகைக்கு அடிப்படையாக எடுத்த பூமி அளவுதான் காரணம். பழைய தாள் எவரெஸ்ட், உங்க சாட்டிலைட் படம் டபிள்யூ.ஜி.எஸ். 84. ஆளாளுக்கு வேற திசையில் தள்ளினால் அது நீங்க தப்பாகக் குத்தின புள்ளி.

பழையாறையைத் தேடுற விதம் தனி. ஒரே ஊராகப் பின் குத்த முடியாது, அது தலைநகரம். இன்றைக்கு அங்கே இருக்கிறது கும்பகோணத்துக்குத் தென்மேற்கே ஆறேழு கிலோமீட்டரில், முடிகொண்டான் ஆற்றை ஒட்டின சின்னச் சின்ன ஊர்கள். பட்டீஸ்வரம், முழையூர், உடையாளூர், சோழன் மாளிகை என்றே பெயருள்ள ஊர், சோமநாதர் கோயில் இருக்கிற கீழப்பழையாறை. நாவலில் நாலு படைவீடு சொல்றார் கல்கி: ஆரியப்படை வீடு, புதுப்படை வீடு, மணப்படை வீடு, பம்பைப்படை வீடு. அந்தப் பெயரெல்லாம் இன்னும் "படையூர்", "படைவீடு" என்று ஊர்ப் பெயராக அங்கே கிடக்கு. ஓபன் ஸ்ட்ரீட் மேப்பை ஓவர்பாஸ் டர்போ என்கிற தேடல் தளத்தில் திறந்து, கும்பகோணத்தைச் சுற்றித் திரையை வச்சுக்கிட்டு, பெயருக்குள் "படை" என்று வருகிற ஊர்களைக் கேளுங்க. தமிழ்ப் பெயர் ஏற்றாத ஊரும் உண்டு, அதனால் ஆங்கில எழுத்திலும் ஒரு தடவை தேடணும். வந்த புள்ளிகளைச் சுற்றி ஒரு கோடு இழுத்தால் நகரம் எவ்வளவு பரந்து கிடந்தது என்று ஒரு உருவம் கிடைக்கும். ஒற்றைப் பின்னில் அது வரவே வராது.

தஞ்சாவூரில் அப்படியே தலைகீழ், எல்லாம் கண்ணுக்கு நிற்கும், ஒன்றும் கதைக் காலத்தது கிடையாது. பெரிய கோயில் 1010-ல் முடிஞ்சது. கதை நடக்கிறது அதற்கு நாற்பது வருஷம் முன்னாடி, சுந்தர சோழர் இருக்கும்போது. அரண்மனை நாயக்கர், மராட்டியர் காலம். பெரிய கோயிலைச் சுற்றின அகழியும் கோட்டையும் சோழர் கட்டினது இல்லை. பழுவேட்டரையர் மாளிகை, பாதாளச் சிறை எல்லாம் போட்ட மேப் நிறைய உலாவுது. ஒன்றுக்கும் ஆதாரம் கிடையாது. தஞ்சைக்கு நகரத்து மேல் ஒரு வட்டம், அவ்வளவுதான்.

வெண்ணாறு:

ரொம்ப நன்றி. ஸ்வால்பார்டில் திருப்புறம்பயம், பழையாறை, குடந்தை மூன்றும் இருந்தன! கோடிக்கரை கலங்கரை விளக்கத்தை இன்றைய லைட்ஹவுஸில் வைக்கலாமா? அதோடு இலங்கைப் பக்கம் யாராவது சொல்ல முடியுமா? நாகத்தீவு என்று தேடினால் நயினாதீவைக் காட்டுகிறது.

அளவுச்சங்கிலி:

வைக்கக் கூடாது. கோடிக்கரையில் இன்றைக்கு நிமிர்ந்து நிற்கிற லைட்ஹவுஸ்கள் பின்னாளில் கட்டியவை. சோழர் காலத்தது என்று சொல்லப்படுகிற செங்கல் இடிபாடு கடலோரத்தில் தனியாக இருந்தது, 2004 சுனாமியில் பெரும்பகுதி போய்விட்டது. கூகுள் எர்த் ப்ரோவில் சுனாமிக்கு முன்பின் படங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். படத்தின் தெளிவு குறைவாக இருந்தாலும், கரைக்கோடு எவ்வளவு ஆடுகிற இடம் என்பது புரியும். குழகர் கோயிலை மட்டும் உறுதியாகக் குறிக்கலாம். அது கரையில் இல்லை, கொஞ்சம் உள்ளே, கோடிக்காட்டில். நாவலில் வருகிற புதைசேற்றுக்கு என்று ஒற்றைப் பின் குத்த வேண்டாம். காட்டுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே இருக்கிற சதுப்பு முழுவதையும் ஒரு நிறத்தால் நிரப்புங்கள். வனவிலங்கு சரணாலயப் பகுதி, நினைத்த இடத்தில் வண்டியை உள்ளே விட முடியாது.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் வரும்போது குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ஸ்ரீவிஜய மன்னர் அதைக் கட்டியது ராஜராஜன் காலத்தில், 1006-ஐ ஒட்டி. அதாவது கதைக்குப் பின்னால். அந்த வளாகத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் செங்கல் கோபுரம் ஒன்று 1867-ல் இடிக்கப்படும்வரை நின்றது.

மாந்தைத்துறை:

இலங்கைப் பக்கத்தை நான் சொல்லுறன்.

நாகத்தீவுக்கு நயினாதீவில பின் குத்துறது அவசரம். பழைய பாளி நூல்களில நாகதீபம் எண்டது யாழ்ப்பாணக் குடாநாட்டையே சேர்த்துச் சொல்லுற பெயர். வல்லிபுரத்தில எடுத்த பொன்னேட்டிலயும் அந்தப் பெயர் இருக்கு, அது வடமராட்சி. ஒருக்கா தூரத்தை வைச்சுப் பாருங்கோ: கோடிக்கரையில இருந்து காங்கேசன்துறைக்கு நேர்கோட்டில சுமார் 55 கி.மீ., நயினாதீவுக்கு 75 கி.மீ. கிட்ட. துடுப்பு வலிக்கிற சின்னப் படகு மணிக்கு 5 கி.மீ. எண்டாலும் முதலாவதுக்கு 11 மணித்தியாலம், இரண்டாவதுக்கு 15. நாவலில வாற பொழுதுக் கணக்கை எடுத்து (ஒரு நாழிகை 24 நிமிஷம், ஒரு சாமம் 3 மணித்தியாலம்) இதோட பொருத்திப் போட்டு முடிவெடுங்கோ. கடலுக்குள்ள கோடு போடேக்க மெல்லிய நிறத்தில போடுங்கோ. மை மேப்ஸில புள்ளிக்கோடு இல்லை, நிறமும் தடிப்பும் மட்டும்தான் மாத்தலாம்.

மாதோட்டம் எண்டால் திருக்கேதீச்சரம் கோயிலுக்குப் பக்கத்தில, மாந்தை. மன்னார் தீவுக்குள்ள இல்லை, பெருநிலத்தில. தேடேக்க "மன்னார்" எண்டு மட்டும் அடிச்சால் தீவில இருக்கிற டவுனில போய் நிக்கும். அங்கயிருந்து அநுராதபுரம் நேர்கோட்டில 80 கி.மீ. அளவு. இப்ப வழி கேட்டால் ஏ-14 வீதியால மதவாச்சி போய்த் திரும்பச் சொல்லும், அது கிழக்கால ஒரு சுத்து. அருவி ஆறு அநுராதபுரத்துப் பக்கம் இருந்துதான் மன்னார்க் கடலுக்கு வருது. பழைய வழியை ஊகிக்கிறதெண்டால் ஆத்தோரத்தைப் பாருங்கோ. தம்பள்ளை எண்டு நாவலில வாறது தம்புள்ளை. அநுராதபுரத்தில இருந்து தென்கிழக்கால 60 கி.மீ., குகை விகாரை அப்பிடியே இருக்கிறதால அது "அதே இடம்" வகை. அநுராதபுரத்தில தூபிகளைக் குறிக்கலாம், வீதியில நடக்கிற சம்பவங்களைக் குறிக்கேலாது.

யானையிறவுக்கு வந்தால் கவனம். அநுராதபுரத்தில இருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே 130 கி.மீ. அங்க ஏ-9 வீதியும் ரயில் பாதையும் போற மேடு பின்னால போட்டது. அதைப் பார்த்து "இவ்வளவு சின்ன இடமோ" எண்டு நினைக்கக் கூடாது. யானை இறங்கி நடக்கிற ஆழங்குறைஞ்ச நீரேரிதான் அந்த இடம், அதால பின்னை அந்த வீதி மேட்டில வைக்காமல் ரெண்டு பக்கத் தண்ணியையும் சேர்த்து ஒரு பொலிகன் போடுங்கோ. சாட்டிலைட்டில பக்கத்தில பாத்தி பாத்தியாத் தெரியிறது உப்பளம், பழைய கட்டிட அடித்தளம் எண்டு நினைச்சுக் குறிச்சுப் போடாதேங்கோ.

தொண்டைமானாறு இன்னொரு பொறி. ஆத்துவாயில இப்ப தடுப்பணை இருக்கு, உவர்த்தண்ணி உள்ள வராமல் மறிக்கிறதுக்கு. கப்பல் நிண்டிருக்கக்கூடிய இடத்தை இண்டைய வாயை வைச்சு அளக்கேலாது. பெயரும் பிந்தியது எண்டுதான் ஐதீகம்: முதலாம் குலோத்துங்கன்ர தளபதி கருணாகரத் தொண்டைமான் பேரால வந்தது எண்டு சொல்லுவினம், அவன் கதைக் காலத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல பிந்தினவன். கல்கியும் ஓவியர் மணியமும் இலங்கைக்கு நேர வந்து பார்த்துத்தான் எழுதினவை, வரைஞ்சவை. அதால அவர் கண்ணில பட்ட 1950-களின்ர நிலம்தான் நாவலில கனக்க இடத்தில இருக்கு. தமிழ்நாட்டுப் பக்கத்துக்கும் இது பொருந்தும் எண்டு நினைக்கிறன். அந்தக் காலத்து இலங்கை நில அளவைத் திணைக்கள ஒரு அங்குலத் தாள் (1:63,360) கிடைச்சால் இண்டைய சாட்டிலைட்டை விட அதுதான் உதவும். ஆனால் எங்கட தாள்களுக்கு டேட்டம் வேற, கண்டவளை. கீழணை அண்ணை சொன்ன எவரெஸ்ட் மாற்றத்தை அப்பிடியே இதுக்குப் போட்டால் சரிவராது, க்யூ.ஜி.ஐ.எஸ்.ஸில Kandawala எண்டு தேடி எடுத்துப் போடுங்கோ.

தீர்க்கரேகை:

கடைசிப் பத்தியில் மாந்தைத்துறை சொன்னதை வச்சு ஒரு சின்ன யோசனை. நாவலின் முழு உரை மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகத்தில் இருக்கு, கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதுதான். அதை ஒரே டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்துக்கிட்டு "காத", "நாழிகை", "மேற்கே", "தெற்கே", "துறை", "இந்நாளில்" என்று ஒவ்வொன்றாகத் தேடுங்க. "இந்நாளில்" முக்கியம், கல்கி தன் காலத்து நிலத்தைப் பற்றி நேரடியாகப் பேசுற இடங்கள் அதில் சிக்கும். "காத" என்று தேடினால் காதல், காது எல்லாம் சேர்ந்து வரும், அதனால் முன்னால் ஓர் இடைவெளி விட்டு "காதம்", "காத தூர", "காதத்" என்று தனித்தனியாகத் தேடணும். கிடைச்ச வாக்கியத்தை அத்தியாய எண்ணோடு எக்ஸலில் "சான்று" என்கிற காலத்தில் ஒட்டுங்க. மேப்பில் பின்னை அழுத்தினால் அந்த வாக்கியமே வரும். சான்று காலம் காலியாக இருக்கிற பின்னை எடுத்துடலாம்.

கீழணை:

டூ வீலரில் போறதா சொன்னீங்களே, ரெண்டு விஷயம். வீராணம் கிழக்குக் கரை மேலேயே ரோடு போகுது, அதனால் ஏரியை முழு நீளத்துக்கும் பார்த்துக்கிட்டே வரலாம். நாவல்படி 74 கணவாய் (தண்ணி வெளியேறுற மதகு) இருக்கணும், எண்ணிப் பார்க்கிறவங்க வடக்கிலிருந்து தெற்கே வந்தால் கடைசியில் லால்பேட்டை வழியாக நேராகக் காட்டுமன்னார்கோயிலுக்குப் போயிடலாம். இந்தப் பக்கத்துக் கோயிலெல்லாம் மதியம் 12 மணிக்கு நடை சாத்தினால் 4 மணிக்கு மேல்தான் திறப்பாங்க. காலையில் பெருமாள் கோயில், மேலக்கடம்பூர் ரெண்டையும் முடிச்சுட்டு, அணைக்கரையைத் தாண்டி, சாயங்காலத்துக்குத் திருப்புறம்பயத்தை வச்சுக்குங்க. பழையாறைக் கோயில்களில் சிலது அர்ச்சகர் வந்தால்தான் திறக்கும், அதனால் அதை மறுநாள் காலை முதல் வேலையாகப் போடுங்க.